இரண்டு பேட்டரி போயாயிற்று, ஒருமுறைகூட மீட்டர் வைக்கவில்லை

முடிச்சூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வயது 29. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. 2024 பிப்ரவரியில், பழைய வண்டி வாங்கி விற்கும் கடை ஒன்றில் 2014 மாடல் 150 சிசி பைக்கை 42,000 ரூபாய்க்கு வாங்கினார். கார்புரேட்டர் வண்டி. செல்ஃபும் உண்டு, கிக்கரும் உண்டு. முன்பு வைத்திருந்தவர் இரண்டு எல்.இ.டி. ஃபாக் லைட்டும், ஹேண்டில்பாரில் ஒரு மொபைல் சார்ஜரும் மாட்டியிருந்தார். "எல்லாம் சேர்ந்தே வருது, உங்களுக்கு லாபம்தான்" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஆர்.சி. இன்னும் பழைய பெயரில்தான் இருக்கிறது.

ஏப்ரலில் ஹெட்லைட் பல்பு இரண்டு முறை போனது. மே மாதம் பேட்டரி உப்பிப்போய்ச் செத்தது. புதிது போட்டார். ரெகுலேட்டர் போய்விட்டது என்று ஒரு மெக்கானிக் ஆர்.ஆர். யூனிட்டையும் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் பெட்டி) மாற்றினார். ஜூலையில் அந்தப் புதுப் பேட்டரியும் படுத்துவிட்டது. செல்ஃப் அழுத்தினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான். இரண்டு நாள் லீவில் வண்டியை நிறுத்திவைத்தால் மூன்றாம் நாள் காலை கிக்கரைத்தான் உதைக்க வேண்டும். மழையில் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும்போது பிரேக் பிடித்தால் ஃப்யூஸ் போகிறது. நான்கு முறை ஃப்யூஸ் மாற்றிச் சலித்த இன்னொரு மெக்கானிக், 15 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 ஆம்பியரைச் செருகிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஃப்யூஸ் போகவில்லை. ஆனால் டேங்குக்குக் கீழே லேசாகக் கருகிய வாசனை வருகிறதாம்.

இப்போது ஒருவர் "காயில் போச்சு, ரீவைண்ட் பண்ணணும்" என்கிறார், மின்சாரம் உண்டாக்கும் கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்ற வேண்டுமாம். இன்னொருவர் "ஒயரிங் கிட்டையே மாத்தணும்", அதாவது வண்டியின் ஒயர்கட்டு முழுவதையும், என்கிறார். மனைவி வண்டியை விற்றுவிடச் சொல்கிறார். யாரை நம்புவது, கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா, ஒன்றும் சொல்லாமல் வேறு யாருக்காவது தள்ளிவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். படங்களையும் பார்த்தேன். இருபது வருடத்துக்கு மேலாக டூவீலர் எலக்ட்ரிக்கல் வேலை மட்டுமே பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று கண்ணில் பட்டது. எட்டு மாதத்தில் நான்கு மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு பேட்டரி, ஒரு ரெகுலேட்டர், இரண்டு பல்பு, ஐந்து ஃப்யூஸ் மாற்றியிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தில் எங்குமே "இத்தனை வோல்ட் காட்டியது" என்று ஒரு வரி இல்லை. காய்ச்சலை அளக்காமலே ஆளாளுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். யார் சொன்னது சரி என்று நீங்கள் தவிப்பதற்கும் அதுதான் காரணம். அளந்துவிட்டால் யாரையும் நம்ப வேண்டியதில்லை.

அதற்கு முன் அந்த ஃப்யூஸ்

இதைப் படித்து முடித்ததும் கீழே போய் அந்த 30 ஆம்பியர் ஃப்யூஸைக் கழற்றிவிடுங்கள். மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்கலாம். இது காத்திருக்காது.

ஃப்யூஸ் அடிக்கடி போவது தொல்லை என்று நினைக்கிறோம். உண்மையில் உங்கள் வண்டியில் ஒழுங்காக வேலை செய்த ஒரே பொருள் அதுதான். எங்கோ ஒரு ஒயர் பாடியைத் தொடுகிறது என்று நான்கு முறை சொல்லிப் பார்த்தது. 15 ஆம்பியர் போட்டிருந்தபோது ஒயர் சூடாவதற்குள் ஃப்யூஸ் உருகிவிட்டது. 30 போட்ட பிறகு ஃப்யூஸ் தாங்குகிறது, ஒயர் தாங்கவில்லை. பைக்கில் ஓடும் ஒயர்கள் பெரும்பாலும் மெல்லியவை. 20, 25 ஆம்பியர் பாய்ந்தால் மேலுறை இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, பக்கத்து ஒயரையும் சேர்த்துக் கெடுக்கும். நீங்கள் முகர்ந்த வாசனை அதுதான். அந்த ஒயர்கட்டு போவது பெட்ரோல் டேங்குக்கு நேர் கீழே என்பதையும், மேலே நீங்களும் உங்கள் மனைவியும் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஃப்யூஸ் பெட்டி மூடியில் எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். அதுவே போட வேண்டும். அது போய்விட்டால் போகட்டும். சிகரெட் பெட்டி ஜிகினாத்தாளைச் சுற்றிவைப்பதும், கம்பித் துண்டைச் செருகுவதும் இதே ஆபத்துதான்.

கோளாறு சரியாகும்வரை இரவு ஷிப்டுக்கு இந்த வண்டியில் போகாதீர்கள். இரவு பதினொன்றரைக்கு மண்ணிவாக்கம் தாண்டி, படப்பைக்கு முன்னால், பின்னால் லாரி வரும்போது பின்விளக்கும் ஹெட்லைட்டும் ஒன்றாக அணைந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒரு வாரம் கம்பெனி பஸ்ஸில் போங்கள்.

உங்கள் கடிதமே சொல்வது

நீங்கள் இதை ஒரே கோளாறாக நினைக்கிறீர்கள். எனக்கு மூன்றாகத் தெரிகிறது. மூன்றையும் கலந்து பார்த்ததால்தான் நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னார்கள்.

முதல் பேட்டரி உப்பியது, அதே சமயத்தில் பல்புகள் போயின. இவை சார்ஜ் ஏறாததன் அடையாளம் இல்லை, அளவுக்கு மேல் ஏறியதன் அடையாளம். ரெகுலேட்டரின் வேலை மேக்னட்டிலிருந்து, அதாவது எஞ்சினோடு சுற்றி மின்சாரம் உண்டாக்கும் பகுதியிலிருந்து, வரும் மின்சாரத்தை 14 வோல்ட்டும் சொச்சமுமாக அடக்குவது. அது தவறினால் 15, 16 என்று போய்ப் பேட்டரியைக் கொதிக்கவைக்கும், பல்பைக் கருக்கும். ஆக, ஆர்.ஆர். யூனிட்டை மாற்றிய முதல் மெக்கானிக் தப்பாகச் சொல்லவில்லை. மாட்டிய விதத்தில்தான் தவறினார். நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில் புது யூனிட் சீட்டுக்கு அடியில் கேபிள் டையால் கட்டித் தொங்குகிறது. அந்த யூனிட்டின் முதுகில் வரிவரியாக இருக்கும் அலுமினிய மடிப்புகள் காற்றுப்பட்டுச் சூடு தணிவதற்காக வைத்தவை. பைக்குகளில் பரவலாக உள்ள வகை ரெகுலேட்டர், மிஞ்சிய மின்சாரத்தைத் தன் வழியாகவே ஓடவிட்டுச் சூடாக வெளியேற்றும். அதை ஃபிரேமின் உலோகத்தோடு போல்ட் போட்டு முடுக்க வேண்டும். சில வண்டிகளில் அந்த போல்ட்தான் எர்த்தும்கூட. காற்றில்லாமல் பிளாஸ்டிக் டையில் தொங்கினால் புது யூனிட்டும் சீக்கிரம் சாகும்.

இரண்டாவது பேட்டரி உப்பவில்லை, காலியாகிறது. இது நேர் எதிர்க் கோளாறு. ஒன்று போதிய சார்ஜ் ஏறவில்லை, அல்லது நிறுத்திவைத்த வண்டியிலிருந்து ஏதோ குடிக்கிறது, அல்லது இரண்டும்.

மூன்றாவது, பிரேக் பிடித்தால் ஃப்யூஸ் போவது. இதற்கும் சார்ஜிங்குக்கும் சம்பந்தமே இல்லை. அந்தச் சின்ன விவரத்தை, மனைவி பின்னால் இருக்கும்போது என்பதை, எழுதினீர்களே, அதற்கு நன்றி. பாதி வேலை முடிந்தது. பின்னால் ஆள் ஏறியதும் சீட்டும் மட்கார்டும் அழுந்துகின்றன. பின்விளக்குக்குப் போகும் ஒயர் அங்கேதான் நசுங்குகிறது. மேலுறை தேய்ந்து செம்பு வெளியே தெரியும் இடத்தில் ஈரமும் சேர, பிரேக் லைட் ஒயருக்குக் கரண்ட் வந்த நொடியில் பாடியைத் தொட்டு ஷார்ட் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை எடுக்க வேண்டிய அளவுகள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 500 ரூபாய்க்குள் நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். நீங்கள் பேட்டரிக்குக் கொடுத்த காசில் ஒரு பங்குதான். மெக்கானிக்கிடம் போவதாக இருந்தாலும் அளவுகளை நீங்களே எடுத்து எழுதிக்கொண்டு போங்கள். பேச்சின் தோரணையே மாறிவிடும்.

முதலில் பேட்டரி. காலையில், சாவி போடுவதற்கு முன், டி.சி. 20 வோல்ட் அளவில் மீட்டரை வைத்து இரண்டு முனையிலும் தொடுங்கள். 12.6, 12.7 என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் காலி. காலியான பேட்டரியை வைத்து வேறெதையும் சோதிக்க முடியாது, எல்லாமே பொய்யாகக் காட்டும். ஆகவே வெளியே கழற்றிப் பேட்டரிக் கடையில் மெதுவாகச் சார்ஜ் போடுங்கள். உங்களுடையது 9 ஆம்பியர்-அவர் பேட்டரி. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.9 ஆம்பியரில், பத்து மணி நேரத்துக்கு மேல் ஏற வேண்டும். "அரை மணியில் ஏத்தித் தர்றேன்" என்பவரிடம் கொடுக்காதீர்கள். ஏறி முடித்துச் சில மணி நேரம் ஆறவிட்ட பிறகும் 12.6 நின்றால், செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழாமல் இருந்தால், ஜூலையில் படுத்த உங்கள் பேட்டரி சாகவில்லை, பட்டினி கிடந்தது அவ்வளவுதான். புதிதாக இன்னொன்று வாங்க வேண்டாம்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் பத்து நிமிடம் வண்டியை ஸ்டார்ட்டில் விட்டுப் பேட்டரியைச் சார்ஜ் பண்ணுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஐடிலிங்கில் மேக்னட் தருவது கொஞ்சம்தான். விளக்கும் எரிந்தால் அதுவும் அங்கேயே செலவாகிவிடும். செல்ஃப் ஒருமுறை இழுத்ததை ஈடுகட்டினாலே அதிகம். பெட்ரோல்தான் வீண்.

அடுத்தது சார்ஜிங். நிறைந்த பேட்டரியோடு வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரைப் பேட்டரி முனைகளிலேயே வைத்துக்கொண்டு 4000 ஆர்.பி.எம். வரை மெதுவாக ரேஸ் பண்ணுங்கள். 13.5க்கும் 14.8க்கும் நடுவில் நிற்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் அடக்கவில்லை. 13ஐத் தொடாமல் கீழே இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் வரவில்லை. சார்ஜ் வருகிறதா என்று பார்க்க, ஓடும் எஞ்சினில் பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை அனுமதிக்காதீர்கள். பேட்டரி விலகிய நொடியில் வோல்ட் எகிறி ரெகுலேட்டரையும் சி.டி.ஐ.யையும் (பிளக்குக்குத் தீப்பொறி தரும் பெட்டி) சேர்த்துக் கொல்லக்கூடும்.

சார்ஜ் வரவில்லை என்றால் மட்டும் காயிலுக்குப் போக வேண்டும். மேக்னட் பக்கத்திலிருந்து வெளியே வரும் காயில் ஒயர்களின் கப்ளரை (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகியை) கழற்றுங்கள். பல வண்டிகளில் அவை மூன்றும் மஞ்சளாக இருக்கும். இரண்டே ஒயர் வரும் வண்டியும் உண்டு. மீட்டரை ஏ.சி.க்கு மாற்றி, எஞ்சின் ஓடும்போது இரண்டிரண்டாக மூன்று ஜோடியையும் அளந்து பாருங்கள். ரேஸ் பண்ணப் பண்ண வோல்ட் ஏற வேண்டும். மூன்று ஜோடியும் ஒரே வேகத்தில் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்ட வேண்டும். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொரு ஒயருக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவே தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள், மூன்று ஒயர் வண்டியில் இருக்கவே கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் உங்கள் காயில் நன்றாக இருக்கிறது. "ரீவைண்ட்" என்ற பேச்சை அத்தோடு நிறுத்திவிடலாம். மேக்னட் மூடியைத் திறந்தால் எஞ்சின் ஆயிலும் கேஸ்கட்டும் கூடவே செலவு. நல்ல காயிலைக் கழற்றி மட்டமான கம்பி சுற்றி மாட்டினால், இல்லாத நோயை விலைக்கு வாங்கியதாகும்.

காயில் நன்றாக இருந்தும் பேட்டரிக்குச் சார்ஜ் வரவில்லையா? ரெகுலேட்டராக இருக்கலாம், அல்லது வழியில் எங்கோ சிந்துகிறது. வண்டி ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரிலிருந்து வெளியேறும் ஒயரிலும் மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். ஒரே ஒயரின் இரண்டு முனைகள் என்பதால் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் துருவோ தளர்ந்த கப்ளரோ இருக்கிறது. அதேபோல் ரெகுலேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே பாருங்கள். கேபிள் டையில் தொங்கும் உங்கள் யூனிட்டில் இந்த இரண்டாவது அளவுதான் மோசமாக வரும் என்று எனக்குச் சந்தேகம்.

கடைசியாக, சாவியை எடுத்த பிறகு என்ன குடிக்கிறது என்பது. பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய ஒயருக்கும் நடுவில் இணையுங்கள். இந்த நிலையில் தவறியும் செல்ஃப் அழுத்தக் கூடாது, மீட்டர் போய்விடும். கார்புரேட்டர் வண்டியில் ஏறத்தாழ ஒன்றுமே ஓடக் கூடாது. 0.1 ஆம்பியர் ஓடினால்கூட உங்கள் 9 ஆம்பியர்-அவர் பேட்டரி 90 மணி நேரத்தில் காலி, நான்கு நாள்கூட இல்லை. பாதி ஏறிய பேட்டரி இரண்டே நாளில் படுத்துவிடும். உங்கள் லீவுக் கணக்கு இதோடு ஒத்துப்போகிறது. அந்த மொபைல் சார்ஜரின் ஒயரை விலக்கிப் பாருங்கள். அளவு பூஜ்யத்துக்கு இறங்கினால் திருடன் அதுதான். ஐந்தாவது படத்தில் அதன் ஒயர் நேரே பேட்டரி முனையில் சுற்றியிருப்பது தெரிகிறது. சாவி வழியாக வரும்படி மாற்றி, அதற்கென்று ஒரு சிறிய ஃப்யூஸும் போட்டால் சரியாகிவிடும்.

ஹெட்லைட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ரேஸ் பண்ணினால் வெளிச்சம் கூடுவது எல்லா வண்டியிலும் கோளாறு ஆகாது. எஞ்சின் ஓடினால்தான் ஹெட்லைட் எரியும் என்கிற வண்டிகளில் விளக்கு பெரும்பாலும் நேரே மேக்னட்டிலிருந்து எரிகிறது, ஏறி இறங்குவது அதன் இயல்பு. உங்களுடையது சாவி போட்டதுமே எரிகிறது என்கிறீர்கள். ஆக, பேட்டரியிலிருந்து எரிகிறது. ஐடிலிங்கில் லேசாக மங்குவது பரவாயில்லை. ஹாரன் அடித்தால் விளக்கு சுருங்குகிறது என்றால் பேட்டரியும் எர்த்தும் பலவீனம்.

டேப்புக்கு அடியில்

சில வருடங்களுக்கு முன் எண்ணூர் பக்கத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. மூன்று இடத்தில் காட்டி, கடைசியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். ஹெட்லைட்டைக் கழற்றினேன். உள்ளே கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு, கைக்கட்டை விரல் பருமன். பிரித்தால் டேப்பின் பசை வெயிலில் இளகி ஜவ்வாக ஒழுகியது. அடியில் ஃபாக் லைட்டுக்காக அறுத்த ஒயர்கள், பற்றவைக்காமல் வெறுமனே முறுக்கிவிட்டவை. செம்பு செம்பாகவே இல்லை, பச்சைக் களிம்பு பூத்து, நகத்தால் தொட்டதும் உதிர்ந்தது. பக்கத்துக் கப்ளரின் வெள்ளைப் பிளாஸ்டிக் தோசை ஓரம்போலப் பழுப்பேறியிருந்தது. நல்ல இணைப்பு வழக்கமான கரண்ட்டில் அவ்வளவாகச் சூடாகாது, களிம்பு பிடித்த இடம்தான் சூடாகும். அதனால் பழுப்பேறிய கப்ளரைக் கண்டால் நோய் அங்கே என்று முடிவு செய்யலாம். அந்த வண்டிக்கு ஒரு பொருள்கூடப் புதிதாகப் போடவில்லை. முடிச்சை வெட்டி, நல்ல செம்பு தெரியும்வரை மேலுறையைச் சீவி, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடுபட்டால் சுருங்கி இறுகும் உறை) போட்டு மூடினேன்.

உங்கள் வண்டியிலும் ஃபாக் லைட் இருக்கிறது, பழைய ஒயரிங்கை அறுத்துத்தான் போட்டிருப்பார்கள். இன்னொன்றும் யோசிக்க வேண்டும். நீங்கள் வாங்கியது 2024 பிப்ரவரி. மிக்ஜாம் புயல் மழை சென்னையை மூழ்கடித்தது 2023 டிசம்பர் தொடக்கத்தில். அந்த வெள்ளத்தில் நின்ற வண்டிகள் துடைத்து மெருகேற்றப்பட்டு விற்பனைக்கு வந்தன. உங்களுடையது அப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஹெட்லைட் கிண்ணத்தின் அடியில், சீட்டுக்குக் கீழே கப்ளர்களின் மடிப்பில், மீட்டர் பெட்டிக்குப் பின்னால் காய்ந்த வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒவ்வொரு கப்ளரையும் பிரித்தே ஆக வேண்டும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் எலக்ட்ரிக்கல் கிரீஸ் தடவி மூடுங்கள். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்பசோடா கரைத்துக் கழுவலாம். வாட்டர் வாஷ் விடும்போது ஹெட்லைட்டுக்குப் பின்னாலும் சீட்டுக்குக் கீழும் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பின்விளக்கு ஷார்ட்டைத் தேட ஒரு எளிய வழி உண்டு. ஃப்யூஸைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு முனைக்கும் நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இரண்டு ஒயர் வைத்து மாட்டுங்கள். சாவியைப் போட்டு, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பல்பு மங்கலாக எரிந்தால் பிரேக் லைட் எடுக்கும் கரண்ட் அது, கவலையில்லை. இப்போது மனைவியைச் சீட்டில் உட்காரச் சொல்லுங்கள், அல்லது பின்பக்கத்தை அழுத்துங்கள். சட்டென்று பல்பு முழுவெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் ஆகிவிட்டது. அப்படியே ஒயர்கட்டை ஒவ்வொரு இடமாக விரலால் தூக்கிப் பாருங்கள். எந்த இடத்தைத் தூக்கியதும் பல்பு மங்குகிறதோ அங்கேதான் ஒயர் தேய்ந்திருக்கிறது. ஒரு ஃப்யூஸ்கூட வீணாகாது. ஹேண்டில்பாரையும் இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஒயர்கள் கழுத்தில் மடங்கி மடங்கி அறுபடுவது பழைய வண்டிகளில் சகஜம்.

கிட் மாற்ற வேண்டுமா?

டேங்கைக் கழற்றி, கருகிய வாசனை வந்த இடத்தில் டேப்பைப் பிரித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். ஒன்றிரண்டு ஒயர் மட்டும் இளகியிருந்தால் அந்த நீளத்தை மட்டும் வெட்டி, அதே பருமனில் புது ஒயர் சேர்த்தால் போதும். பத்து ஒயரும் ஒட்டிக் கட்டியாகியிருந்தால், அல்லது எங்கே வெட்டினாலும் உள்ளே செம்பு கறுத்தே வந்தால், கிட் மாற்றச் சொன்னவர் சொன்னதுதான் சரி. அப்போது கம்பெனி கிட் வாங்குங்கள். புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் பழைய கிட் மலிவாகக் கிடைக்கும். கிராங்க் கேஸ், ஃபோர்க் என்றால் நானே அங்கே போகச் சொல்வேன். ஒயரிங்கை மட்டும் பழையது வாங்காதீர்கள். அதுவும் வேறொரு வண்டியின் களிம்போடுதான் வரும். ஃபாக் லைட் கட்டாயம் வேண்டுமானால் ரிலே (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்து, தனி ஃப்யூஸோடு, தனி ஒயரில் போட்டுக்கொள்ளுங்கள்.

விற்றவரிடம் கேட்கலாமா, நாம் விற்கலாமா?

தனி ஆளிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் சட்டம் உதவாது. நீங்கள் வாங்கியது வியாபாரமாகவே விற்கும் கடையில். ஆகவே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையை மறைத்து விற்றார்கள் என்று இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க வழி இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம். ஆனால் உங்களிடம் நேராகவே சொல்கிறேன், முழுப் பணத்தையும் திருப்பி வாங்குவது கடினம். எட்டு மாதம் ஓட்டிவிட்டீர்கள், நான்கு பேர் ஒயரிங்கில் கைவைத்துவிட்டார்கள். விற்ற அன்றே இந்தக் குறை இருந்தது என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. வண்டல், பழைய டேப் முடிச்சு இவற்றைப் பிரிப்பதற்கு முன்பே தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்த ரசீதையும் ஜி-பே பதிவையும் எடுத்துவைத்து, பழுதுச் செலவில் பங்கு கேட்டு எழுத்தில் கொடுங்கள். பல கடைக்காரர்கள் அந்த இடத்தில் இறங்கிவருவார்கள்.

ஆர்.சி. விஷயத்தை நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் ஃப்யூஸுக்கு அடுத்த கவலை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாளுக்குள் எழுத வேண்டும். நாளைக்கு வண்டி எரிந்தாலோ திருடு போனாலோ உங்கள் பெயரில் நஷ்டஈடு கேட்க முடியாமல் போகும். பழைய சொந்தக்காரரின் கையெழுத்தோடு 29, 30 படிவங்களை இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். தாமதத்துக்கு அபராதம் கேட்டாலும் கட்டிவிடுங்கள்.

சொல்லாமல் விற்பதைப் பற்றி. அந்தக் கேள்வியை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே "மனசு ஒப்பவில்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மனசு சொல்வதையே கேளுங்கள். 30 ஆம்பியர் ஃப்யூஸோடு அந்த வண்டியை வாங்கப்போகிறவரும் உங்களைப்போல மாதச் சம்பளத்தில் சேர்த்துவைத்து வாங்குகிறவர்தான், அவர் பின்னாலும் ஒருவர் உட்காருவார். சரிசெய்துவிட்டு விற்கலாம். அல்லது குறையைச் சொல்லி விலையைக் குறைத்து, பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு விற்கலாம். உங்கள் மனைவிக்கு வண்டி மீது கோபம் இல்லை, இரவில் நீங்கள் வரும் வழியை நினைத்துப் பயம். வேலையைச் செய்யும்போது பல்பைப் பிடிக்க அவரையே கூப்பிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சரியான 15 ஆம்பியர் ஃப்யூஸைப் போட்டு, பேட்டரியில் பாசிட்டிவை முதலிலும் நெகட்டிவைக் கடைசியிலும் மாட்டுங்கள். பகலில் ஒரு மணி நேரம் ஓட்டி, ரெகுலேட்டரையும் எல்லாக் கப்ளரையும் தொட்டுப் பாருங்கள். ரெகுலேட்டர் நன்றாகச் சுடலாம், கப்ளர்கள் சுடக் கூடாது. பிறகு இரண்டு நாள் வண்டியைத் தொடாமல் நிறுத்திவையுங்கள். மூன்றாம் நாள் காலை, சாவி போடுவதற்கு முன், மீட்டரை வையுங்கள். 12.6 நின்றால் அன்று இரவு ஷிப்டுக்கு அதே வண்டியில் போகலாம்.